கூச்சப்பார்வை

அன்புள்ள அக்கா,

எங்களுக்குப் பெண் பிறந்து இருபது நாளாகிறது. லேயா என்று பெயர் வைக்க என் மனைவிக்கு ஆசை. அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. ‘களைத்துப்போனவள்’ என்று அர்த்தமாம். புருஷன் நேசிக்காத பெண்ணின் பெயர், ராசியில்லை என்கிறார்கள். எழுத்துக்கு எண்ணும் கூட்டிப் பார்க்கிறார்கள். உண்மையான அர்த்தம் என்ன? லேயாவா, லியாவா, எது சரி?

அன்புள்ள தம்பி,

குழந்தைக்கும் தாய்க்கும் என் அன்பு. எண் கூட்டுவதை இன்றோடு விடுங்கள். லேயாவோ லியாவோ, வீட்டில் வாய்க்கு எது வருகிறதோ அது. யாக்கோபின் முதல் மனைவி அவள். நம் பழைய வேதாகமத்தில் அவள் பெயர் லேயாள்.

எபிரெயத்தில் ‘லாஆ’ என்றால் களைத்துப்போவது. அம்மா சொல்லும் அர்த்தம் அதிலிருந்து வந்தது. பசுவைக் குறிக்கும், பழைய மெசப்பொத்தோமியாவின் அக்காதிய மொழிச் சொல்லோடு சேர்ப்பவர்களும் உண்டு. எனக்கு இதுதான் பொருத்தமாகப் படுகிறது, ஏனென்றால் அவள் தங்கை ராகேலின் பெயருக்குப் பெண் செம்மறி என்று அர்த்தம். மந்தை வைத்துப் பிழைத்த அவர்கள் அப்பா லாபான் வீட்டில் மூத்தவள் பசு, இளையவள் ஆடு.

என் பெரியம்மா பெயரும் லேயாள். கண்ணாடி போட்டும் வேதத்தை மூக்கில் ஒட்டவைத்துத்தான் வாசிப்பாள். தாள்களின் நடுவே மூக்கு பட்டுப் பட்டு எண்ணெய்க்கறை ஏறியிருக்கும். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் சித்தியைக் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒருநாள் வீட்டு ஜெபத்துக்கு வந்த உபதேசியார் ஆதியாகமம் 29ஐ வாசித்தார்: “லேயாளுடைய கண்கள் கூச்சப்பார்வையாயிருந்தது.” நிமிர்ந்து அவளைப் பார்த்து, “பேருக்கேத்த கண்ணு” என்றார். பெரியம்மா காப்பித் தம்ளர்களோடு அப்படியே அடுக்களைக்குத் திரும்பிவிட்டாள். எனக்கு அப்போது எட்டு வயது. இன்றும் அந்த வசனம் வந்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மூலத்தில் அந்த இடத்தில் இருக்கும் சொல் ‘ரக்கோத்’. ‘ரக்’ என்றால் மென்மை, இளசு. ஆபிரகாம் விருந்தாளிகளுக்காக ஓடிப்போய்ப் பிடித்த இளங்கன்றுக்கும் அதே சொல். “மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்” என்கிற நீதிமொழியில் ‘மெதுவான’ அதுதான். அண்ணன் ஏசாவிடம் யாக்கோபு “பிள்ளைகள் இளசுகள், வேகமாக நடக்கமாட்டார்கள்” என்று கெஞ்சும்போதும் அதே சொல். கன்றுக்கு இளமை, பதிலுக்கு இதம், பெண்ணின் கண்ணுக்கு வந்தால் மட்டும் குறையா? கிரேக்கத்தில் பெயர்த்தவர்களே ‘பலவீனமான’ கண்கள் என்று போட்டுவிட்டார்கள். “ராகேலோ ரூபவதி” என்று அடுத்தே வருகிறதே என்பீர்கள். வரட்டும். ராகேல் அழகி என்றால் லேயாள் அவலட்சணம் என்று எந்த வசனம் சொல்கிறது? யூதர்களின் பழைய நூலான தல்மூத்தில் ஒரு விளக்கம் இருக்கிறது. யாக்கோபின் தாய் ரெபெக்காளுக்கு இரண்டு மகன்கள், லாபானுக்கு இரண்டு மகள்கள். மூத்தவளை மூத்தவன் ஏசாவுக்குக் கட்டுவார்கள் என்று ஊரார் பேசினார்கள். அது வேண்டாமென்று அழுதழுது அவள் இமைமயிர் உதிர்ந்துவிட்டது என்று. அழுத கண் அது, தம்பி. பிறவிக் குறை இல்லை.

ராசியில்லையாம்! ராகேலைக் கேட்ட யாக்கோபுக்கு இருட்டில் மகளை மாற்றிக் கொடுத்தது லாபான். தப்பு அவன் மேல் இருக்க, பழியை அவள் பெயரில் ஏற்றுகிறீர்களே, நியாயமா? அம்மா சொன்னதை அப்படியே எனக்கு எழுதியனுப்ப உங்களுக்கும் கை கூசவில்லையே. லேவி அவள் பெற்ற பிள்ளை. மோசே அந்த வம்சம். யூதாவும் அவள் பிள்ளை. தாவீது அந்த வம்சம்.

ராகேலைப் பெத்லகேம் போகும் வழியில் புதைத்தான் யாக்கோபு. எகிப்தில் சாகக் கிடக்கும்போதோ, தன்னைக் கானானில் உள்ள மக்பேலா குகையில் அடக்கம்பண்ணச் சொல்கிறான். ஆபிரகாமும் சாராளும், ஈசாக்கும் ரெபெக்காளும் கிடக்கும் இடம். சொல்லிவிட்டுக் கடைசியாக, “அங்கே லேயாளையும் அடக்கம்பண்ணினேன்” என்கிறான். ஆதியாகமம் 49:31. பெரியம்மாவின் வேதாகமம் இப்போது என்னிடம் இருக்கிறது. அந்த ஒரு வரிக்குக் கீழே மட்டும் பென்சிலால் கோடு போட்டிருக்கிறாள், தாள் கிழிகிற மாதிரி அழுத்தி.

அம்மாவுக்கு அதை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். சண்டை போடாதீர்கள். ஞானஸ்நானம் என்றைக்கு என்று எழுதுங்கள்.