மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையைப் பாருங்கள்

கேள்வி: என் மகள் யுகேஜி முடிக்கிறாள். கணவர் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுகிறார். தனியார் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்குக் கேட்கும் பணம் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மாநகராட்சித் தொடக்கப்பள்ளி இருக்கிறது. 58 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ரயில்வே கேட்டைத் தாண்டினால் ஒரு நடுநிலைப்பள்ளி. அங்கே ஐந்தாம் வகுப்பு வரை மட்டுமே 200 பிள்ளைகளுக்கு மேல். ஸ்மார்ட் கிளாஸ், புது பெயின்ட், 'ஆங்கில வழி' போர்டு எல்லாம் உண்டு. தெருவில் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். மாமியாரோ "கார்ப்பரேஷன் ஸ்கூல்னாலே படிப்பு வராது" என்கிறார். நான் எட்டாவது வரை படித்தவள். ஒரு பள்ளி நல்ல பள்ளியா என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?
- வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: எட்டாவது வரை படித்தது இந்த வேலைக்குத் தாராளமாகப் போதும். நீங்கள் பார்க்கவேண்டியதெல்லாம் தமிழ் வாசிக்கவும் இரண்டு இலக்கக் கணக்குப் போடவும் தெரிந்த எவரும் பார்க்கக்கூடியவைதான்.

முதலில் தள்ளவேண்டியதைத் தள்ளிவிடுவோம். "எங்கள் பள்ளியில் எல்லோரும் பாஸ்" என்று யாராவது சொன்னால் அதற்கு எந்த மதிப்பும் இல்லை. தமிழ்நாட்டில் எட்டாம் வகுப்பு வரை யாரையும் நிறுத்தி வைப்பதில்லை. பெயின்ட், ஆண்டுவிழா, ஸ்மார்ட் போர்டு இவையும் பிள்ளை வாசிக்கிறதா என்பதைச் சொல்லாது. வகுப்பில் கெட்டிக்காரப் பிள்ளையும் எதையும் சொல்லாது. அது எங்கே உட்கார்ந்தாலும் படித்துக்கொள்ளும். பள்ளியின் தரம் தெரிவது மூன்றாம் வகுப்பின் கடைசி வரிசையில். மெதுவாகப் படிக்கிற பிள்ளை அங்கே எந்த நிலையில் இருக்கிறது, அதை யார் கவனிக்கிறார்கள் என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஏன் மூன்றாம் வகுப்பு? அதற்குள் வாசிப்பு கைவந்திருக்க வேண்டும். நான்காம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் எல்லாவற்றையும் வாசித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாசிக்க வராத பிள்ளை அங்கே எல்லாப் பாடத்திலும் சேர்ந்தே பின்தங்கிவிடும்.

இதைப் பள்ளிக்குள் போகாமலே பார்த்துவிடலாம். இரண்டு பள்ளிகளிலும் படிக்கிற மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருப்பார்கள். பள்ளிக்கு மூன்று நான்கு பேரைக் கண்டுபிடியுங்கள். முதல் ரேங்க் பிள்ளையாகத் தேடிப் போகாதீர்கள், கிடைத்த பிள்ளைகளே போதும். பெற்றோரிடம் சொல்லிவிட்டு, திண்ணையில் உட்கார வைத்து விளையாட்டுப்போலக் கேளுங்கள். பாடப்புத்தகத்தைக் கொடுக்காதீர்கள். பழகிய பாடத்தைப் பிள்ளைகள் மனப்பாடமாகவே ஒப்பித்துவிடும். விரல் ஒரு சொல்லில் இருக்கும், வாய் அடுத்த வரிக்குப் போயிருக்கும். ஒரு தாளில் நீங்களே எழுதிக்கொடுங்கள்:

"மழை பெய்தது. தெருவில் தண்ணீர் நின்றது. கீதாவின் செருப்பு மிதந்து போனது. அண்ணன் ஓடிப்போய் எடுத்து வந்தான்."

மூன்றாம் வகுப்புப் பிள்ளை இதை நிறுத்தி நிறுத்தியாவது தானே வாசிக்க வேண்டும். எங்கே தடுக்குகிறது என்று கவனியுங்கள். 'நின்றது', 'மிதந்து', 'செருப்பு' போன்ற ஒற்று வரும் சொற்களில் சற்றே தயங்கினால் பரவாயில்லை, பயிற்சியில் சரியாகிவிடும். 'செ'வுக்கும் 'சே'வுக்கும், 'போ'வுக்கும் 'பெ'வுக்கும் வித்தியாசம் தெரியாமல் நின்றால், ஒன்றாம் இரண்டாம் வகுப்பில் யாரும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தரவில்லை என்று அர்த்தம். வாசித்து முடித்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். செருப்பை யார் எடுத்து வந்தது? செருப்பு ஏன் மிதந்தது? முதல் கேள்விக்கு விடை தாளிலேயே இருக்கிறது. இரண்டாவதற்குப் பிள்ளை யோசிக்க வேண்டும். சரளமாக வாசித்துவிட்டு இரண்டாவது கேள்விக்கு முழிக்கிற பிள்ளைகளே அதிகம் என்றால், அந்தப் பள்ளியில் உரக்கப் படிக்கச் சொல்கிறார்கள், படித்ததைப் பற்றிப் பேசுவதில்லை.

கணக்குக்கு ஒன்றே ஒன்று போதும். 52-இல் 27 போனால்? சரியான விடை 25. 35 என்று எழுதினால், பிள்ளை 7-இலிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது, அதாவது பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணை. கவனக்குறைவால் வரும் தவறு இல்லை இது. 52 என்றால் ஐந்து பத்தும் இரண்டு ஒன்றும் என்பது மனதில் பதியவில்லை. குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டைப் பிரித்துக் காட்டாமல், 'கடன் வாங்கு' என்று வாய்ப்பாடாகச் சொல்லிக்கொடுத்தால் இப்படித்தான் ஆகும். அதே பிள்ளையிடம், "அம்பது ரூபா எடுத்துக்கிட்டு அண்ணாச்சி கடையில 32 ரூபாய்க்குச் சாமான் வாங்கினா மீதி எவ்வளவு?" என்று கேட்டுப்பாருங்கள். நம் பகுதிப் பிள்ளைகளில் பலர் கணப்பொழுதில் பதினெட்டு என்பார்கள். வாயால் சரியாகச் சொல்லி, தாளில் 35 எழுதுகிற பிள்ளைக்கு மூளையில் எந்தக் குறையும் இல்லை. கடையில் தெரிந்ததை நோட்டுக்குக் கொண்டுவர பள்ளி உதவவில்லை.

அடுத்தது நோட்டுப் புத்தகம். ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருவரின் நோட்டுகளை வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'என் குடும்பம்' என்று ஐந்து வாக்கியம் எழுதியிருப்பார்கள். இரண்டிலும் ஒரே ஐந்து வாக்கியம் என்றால் போர்டைப் பார்த்து எழுதியது. ஒன்றில் பாட்டி வருகிறாள், மற்றதில் ஆட்டோ ஓட்டும் மாமா வருகிறார், எழுத்துப்பிழையும் ஆளுக்கொரு விதம் என்றால் அது பிள்ளை எழுதியது. அந்த நோட்டு அழுக்காக இருந்தாலும் நல்ல நோட்டு. பிறகு சிவப்பு மையைப் பாருங்கள். தப்பான கணக்கின்மேல் டிக் போட்டு தேதியும் கையெழுத்தும் இருந்தால், ஆசிரியர் கட்டுக்கட்டாகக் கையெழுத்து மட்டும் போடுகிறார். தவறைச் சுழித்து, அதன்கீழ் பிள்ளை மறுபடி போட்டு, அதற்கு டிக் விழுந்திருந்தால் அந்த ஆசிரியரை நம்பலாம்.

இவ்வளவும் பார்த்த பிறகு பள்ளிக்குப் போங்கள். காலை உணவு நேரம் நல்ல நேரம். 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளில் காலை உணவு தருகிறார்கள். உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் சூடாக வருகிறதா என்பதோடு, பிள்ளைகளிடம் பெரியவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்றும் கவனியுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா, 'ஏய்' என்கிறார்களா, சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளையிடம் யாராவது போய்க் கேட்கிறார்களா? (பள்ளியில் சோறு போடும் வழக்கத்துக்கு நம் பக்கத்து மனிதர் ஒருவர்தான் பிள்ளையார் சுழி போட்டார். பழைய வண்ணாரப்பேட்டைக் கல்லூரி இன்றும் பெயரைத் தாங்கி நிற்கும் சர் பிட்டி தியாகராயர் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல், ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியது. 'கார்ப்பரேஷன் ஸ்கூல்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு இதைச் சொல்லலாம்.)

தலைமை ஆசிரியரிடம் நேராகவே கேளுங்கள். நல்லவர்கள் கோபப்படமாட்டார்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு (ஆரம்ப நிலை), மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். "ஜூனில் அரும்பில் எத்தனை பேர் இருந்தார்கள், இப்போது எத்தனை பேர்?" என்பதுதான் கேள்வி. "எல்லாரும் நல்லாப் படிக்கிறாங்கம்மா" என்பது பதிலே இல்லை. "எட்டுப் பேர் இருந்தாங்க, இப்ப மூணு பேர். அதுல ஒருத்தன் ஒடிசாவிலேர்ந்து வந்தவன், தமிழே இப்பத்தான் பேசுறான்" என்று ஒரு ஆசிரியர் சொன்னால், அவருக்கு வகுப்பைத் தெரியும்.

இன்டர்வெல் நேரத்தில் கழிப்பறைக்குப் போய்ப் பாருங்கள், பெண் பிள்ளையின் அம்மா என்ற முறையில் இதை விடவே கூடாது. குழாயில் தண்ணீர் வருகிறதா, உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறதா, 'ஆசிரியர்களுக்கு மட்டும்' என்று பூட்டி வைத்திருக்கிறார்களா? போக முடியாவிட்டால் அங்கே படிக்கும் சிறுமிகளின் அம்மாக்களைக் கேளுங்கள்: சாயங்காலம் தண்ணீர் பாட்டில் எப்படித் திரும்பி வருகிறது? காலையில் நிரப்பிக் கொடுத்தது அப்படியே வந்தால், கழிப்பறைக்குப் போகப் பயந்து பிள்ளை தண்ணீர் குடிப்பதில்லை. கூடவே சுவரில் அடிப்பக்கம் மழைத்தண்ணீர் நின்ற கோடு இருக்கிறதா, ஒன்றாம் வகுப்பு எந்தத் தளத்தில் இருக்கிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். மேசையில் பிரம்பு இருந்தால் வெளியே வந்துவிடுங்கள். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அடிப்பதையும் மனம் நோகப் பேசுவதையும் தடை செய்கிறது.

இனி உங்கள் இரண்டு பள்ளிகளுக்கு வருவோம். அதே சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு, 121 முதல் 200 வரை ஐந்து. 150-ஐத் தாண்டினால் தனியாக ஒரு தலைமை ஆசிரியர். 200-க்கு மேல் போனால் ஓர் ஆசிரியருக்கு 40 பிள்ளைகளுக்கு மேல் கூடாது. ஆக உங்கள் பக்கத்துப் பள்ளியின் 58-க்கு இரண்டு என்பது சட்டப்படி சரி. ஆனால் ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். ஒருவர் ஒன்று முதல் மூன்று வரையும், இன்னொருவர் நான்கும் ஐந்தும் பார்ப்பார். இரண்டு பேரும் இருக்கிற நாளில் இது நன்றாகவே நடக்கும். தலைக்கு 29 பிள்ளைகள்தான், முகம் தெரியும், பெயர் தெரியும். ஒருவர் பயிற்சிக்கோ வாக்காளர் பட்டியல் வேலைக்கோ விடுப்பிலோ போகும் நாளில்தான் சிக்கல். ஐந்து வகுப்பும் ஒரே அறையில் உட்காரும், அன்று பாடம் நடக்காது. எனவே அங்கே கேட்கவேண்டிய கேள்வி, "போன மாதம் எத்தனை நாள் ஒரே டீச்சர் இருந்தாங்க?" என்பது. சத்துணவு அக்காவைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்.

கேட்டுக்கு அந்தப் பக்கத்துப் பள்ளியில் வேறு விதமாகக் கேட்கவேண்டும். 200-க்கு மேல் என்றால் வகுப்புக்கு 40 பேர் சுமார். மூன்றாம் வகுப்பில் எத்தனை பிரிவு? 'ஆங்கில வழி'க்குத் தனி அறை, தனி ஆசிரியர் உண்டா, அல்லது ஒரே அறையில் பாதிப் பேரிடம் தமிழ்ப் புத்தகமும் பாதிப் பேரிடம் ஆங்கிலப் புத்தகமும் இருக்க ஒரே ஆசிரியர் நடத்துகிறாரா? பின்னதாக இருந்தால் அந்த போர்டுக்காக ரயில்வே கேட்டைத் தாண்டவேண்டாம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைக்கு முதலில் தமிழில் வாசிப்பு பிடிபடவேண்டும். அது பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் பின்னாலேயே வரும்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு வழி இருக்கிறது. அருகிலுள்ள மேல்நிலைப்பள்ளியில் ஆறாம் வகுப்பு ஆசிரியரைப் பிடித்து, எந்தப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைகள் தடையின்றி வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். அவருக்கு இது அத்துப்படி. இணையத்தில் பார்ப்பவர் யாராவது இருந்தால் ஒவ்வொரு பள்ளிக்கும் அரசு தந்திருக்கும் 11 இலக்க யுடைஸ் (UDISE) எண்ணைக் கொண்டு கடந்த சில ஆண்டுகளின் மாணவர் எண்ணிக்கையைப் பார்க்கச் சொல்லுங்கள். எண்ணிக்கை வருடா வருடம் சரிந்தால் காரணம் விசாரியுங்கள். அந்தப் பக்கத்தில் 'கழிப்பறை 4' என்று இருப்பதை மட்டும் நம்பவேண்டாம். பூட்டியிருக்கிறதா என்று அது சொல்லாது.

"ஒன்றாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தால்தான் சலுகை" என்று யாராவது சொன்னால் அது தவறு. மருத்துவப் படிப்பில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்கும், கல்லூரி மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டத்துக்கும் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த படிப்புதான் கணக்கு.

எங்கள் முடிவைக் கேட்டால்: தெருப்பிள்ளைகளில் பாதிக்கு மேல் அந்த நான்கு வாக்கியங்களை வாசித்து, ஒரே ஆசிரியர் இருந்த நாட்கள் மாதத்துக்கு இரண்டு மூன்றுக்குள் இருந்தால் பக்கத்துப் பள்ளியிலேயே சேர்த்துவிடுங்கள். சேர்த்ததும் பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினராகப் பாருங்கள். அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்கவேண்டும் என்பது சட்டம். எண்ணிக்கை 61 ஆனால் மூன்றாவது ஆசிரியரைக் கேட்கும் உரிமை வருகிறது. இன்னும் மூன்று பிள்ளைகள்தான் தேவை, உங்கள் மகள் ஒருத்தி. அரசுப் பள்ளிச் சேர்க்கை இப்போதெல்லாம் மார்ச்சிலேயே தொடங்கிவிடுகிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பக்கூடாது, தேர்வு வைக்கக்கூடாது.

வாசிப்பு அங்கே சரியில்லை என்று தெரிந்தால் தயங்காமல் கேட்டுக்கு அந்தப் பக்கம் போங்கள். அதற்குமுன் மூன்று நாள், காலை எட்டிலிருந்து ஒன்பதுக்குள் மகளைக் கூட்டிக்கொண்டு அந்த வழியில் நடந்து பாருங்கள். கேட் எத்தனை மணிக்கு மூடுகிறது, எவ்வளவு நேரம், லாரிகள் எந்த ஓரம் நிற்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். மூடிய கேட்டுக்கு அடியில் குனிந்து போகும் பிள்ளைகளோடு அவளை அனுப்பாமல், கூட வர ஒரு பெரியவரை ஜூனுக்கு முன்பே பேசி வையுங்கள்.