கும்பிடும் கூலியும் – கடிதம்

ஐயா, வணக்கம்.

குன்றக்குடித் தேரோட்டம் பற்றிய உங்கள் கட்டுரையை எங்கள் வட்டார வள மையத்தில் எல்லோரும் படித்தோம். தேரடியில் ஆட்டிசம் உள்ள பையன் ஒருவன் அவ்வளவு கொட்டுச் சத்தத்திலும் அலறாமல் டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதைச் சொல்லி, அந்த டீச்சரைப் ‘பொறுமையே உருவான தெய்வம்’ என்று எழுதியிருந்தீர்கள். அந்த டீச்சர் என் தோழி. அவர் எழுத மாட்டார், அதனால் நான் எழுதுகிறேன்.

அது பொறுமை இல்லை ஐயா. மேளச் சத்தத்தைப் போனில் பதிந்து, முதலில் சன்னமாக, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, மூன்று வாரம் கேட்க வைத்திருக்கிறார். கூட்டமில்லாத நாளில் இரண்டு தடவை அதே இடத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். படம் ஒட்டிய அட்டைகள் செய்திருந்தார்: முதலில் பஸ், அடுத்து தேர், அப்புறம் ஐஸ், அப்புறம் வீடு. சத்தம் தாங்க முடியாவிட்டால் அவன் எடுத்துக் காட்ட ஒரு சிவப்பு அட்டை.

எங்களைத் தெய்வம் என்கிறவர்கள் சம்பளப் பேச்சு வந்தால் ‘சேவைதானே’ என்கிறார்கள். பல வருஷமாகத் தொகுப்பூதியத்தில் இருக்கிறோம். தயவுசெய்து தெய்வம் என்று எழுதாதீர்கள்.

பெயர் வேண்டாம்,
ஒரு சிறப்பாசிரியை, காரைக்குடி பக்கம்

*

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கொஞ்சம் சுருக்கென்றது. பாராட்டிவிட்டுத் திட்டு வாங்குவது எனக்குப் புதிது. இரண்டாம் தடவை அந்தச் சிவப்பு அட்டையில் நின்றுவிட்டேன். அன்றைக்கு உங்கள் தோழியின் கழுத்தில் ஒரு கொத்து அட்டை தொங்கியதை நான் பார்த்தேன். ஏதோ அடையாள அட்டை என்று நினைத்து விட்டுவிட்டேன். கண்ணில் பட்டதை விட்டுவிட்டு, படாத தெய்வத்தை எழுதியிருக்கிறேன்.

இத்தனைக்கும் எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும். பள்ளத்தூரில் இருக்கும் என் ஆச்சியின் மகள் வயிற்றுப் பேரனுக்கு மூளை முடக்குவாதம். (மற்ற ஊர்க்காரர்களுக்கு: எங்கள் பக்கம் அக்காவைத்தான் ஆச்சி என்போம்.) குறைமாதப் பிள்ளை. பத்து மாதமாகியும் உட்காரவில்லை. முதலில் பார்த்த மருத்துவர், “ஆம்பளப் பிள்ளை, மெதுவாத்தான் உட்காருவான்” என்றார். நாங்களும் அதைத்தான் கேட்க விரும்பினோம், எட்டு மாதம் போய்விட்டது. வீட்டு வேலைக்கு வரும் அம்மாளின் பேத்தி அங்கன்வாடிக்குப் போகிற பிள்ளை. 2013இல் தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கே வந்து ஒவ்வொரு பிள்ளையையும் பார்க்கிறது. நாற்பது தூண் வைத்த வீட்டுப் பிள்ளையை யாரும் வந்து பார்க்கவில்லை, அவனை அங்கன்வாடிக்கு அனுப்புவது கௌரவக் குறைச்சல் என்பதால்.

அப்புறம் பிசியோ தம்பி ஒருவர் வந்தார். வந்தவர் பிள்ளையைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். ஆத்தங்குடிக் கல், எண்ணெய் தடவியது போல வழுவழுப்பு. “சாக்ஸ் போட்டு இதுல நிக்க விடாதீங்க” என்பதுதான் அவர் சொன்ன முதல் வாக்கியம். வளவில், அதாவது வீட்டின் நடு முற்றத்தில், தூணைப் பிடித்துக்கொண்டு வெறுங்காலில் நிற்க வைத்தார். பையனுக்குக் காலில் தசை இறுக்கம், குதிகால் தரையில் படாது. சில மாதம் போனதும் காலைத் தாங்கிப் பிடிக்கும் காலிப்பர் போட்டு, கல்லில் இருக்கிற பூவைக் காட்டி, “வலது கால் இந்தப் பூவுல, இடது கால் அந்தப் பூவுல” என்று நடக்கப் பழக்கினார். நூறு வருஷமாக நாங்கள் மிதித்துத் திரிந்த பூக்கள். அவற்றுக்கு இப்படி ஒரு உபயோகம் இருப்பது எங்கள் யாருக்கும் தோன்றியதில்லை.

மதுரையிலிருந்து வாரம் ஒரு நாள் வந்த ஸ்பீச் டீச்சரோடு ஆச்சிக்கு முதல் நாளே தகராறு. அந்தப் பெண் பேச்சைப் பற்றி ஒன்றுமே கேட்காமல் சோறு ஊட்டுவதைப் பார்க்கவேண்டும் என்றார். ஆச்சி பிள்ளையை மடியில் மல்லாத்திப் போட்டுப் பருப்புச் சோற்றைக் கரைத்து ஊற்றுவார். தினமும் புரையேறும். பிள்ளை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம். நிமிர்த்தி உட்கார வை, தாடை லேசாகக் கீழே இருக்கட்டும், சின்ன ஸ்பூனில் எதிரே இருந்து கொடு, விழுங்கியதும் அடுத்த வாய். “பேச்சு டீச்சருக்குச் சோத்துல என்ன வேலை?” என்றார் ஆச்சி. நாக்கும் உதடும் இரண்டுக்கும் ஒன்றுதானே ஆயா, சோறு தப்பாகப் போனால் நுரையீரலில் சளி கட்டும் என்று அந்தப் பெண் விளக்கினார். ஒரு மாதத்தில் புரையேறுவது குறைந்தது. ஆச்சி அதற்கப்புறம் வாயைத் திறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அதுவே ஒரு சாதனை.

பேரனுக்குச் சிறப்பாசிரியை ஒருவர் சட்டை போடக் கற்றுக்கொடுத்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். நானாக இருந்தால் முதலில் கையை விடச் சொல்லியிருப்பேன். அவர் கடைசியிலிருந்து ஆரம்பித்தார். சட்டையை முழுக்கத் தானே மாட்டிவிட்டு, கீழே இழுத்துவிடுவதை மட்டும் பையனிடம் விட்டார். அது படிந்ததும் அதற்கு முந்தின படி. ஒவ்வொரு நாளும் ‘நானே போட்டேன்’ என்றுதான் வேலை முடியவேண்டும், தோற்ற இடத்தில் முடியக்கூடாது என்பது கணக்கு. பத்துத் தடவையில் எத்தனை தடவை தானாகச் செய்தான், எத்தனை தடவை கை தொட்டு உதவவேண்டியிருந்தது என்று எழுத ஒரு நோட்டு வைத்திருந்தார். ‘பத்துக்கு நாலு, தானாக. பத்துக்கு மூணு, கை தொட்டு.’ அதைப் பார்த்து ஆச்சி சொன்னது: “இது எங்க ஐயா ரங்கூன்ல எழுதின பேரேடு மாதிரில்ல இருக்கு.”

அதுதான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. கணக்குக்குப் பேர்போன ஊர் இது. கல்யாணத்தில் கொடுக்கும் கரண்டி முதற்கொண்டு எழுதி வைக்கிறவர்கள் நாங்கள். இந்த ஒரு வேலைக்கு மட்டும் கும்பிடு போட்டுக் கணக்கை முடிக்கப் பார்க்கிறோம். ஆச்சியும் ஒரு மாதம் பிசியோ தம்பிக்குப் பழத்தட்டும் வேட்டியும் வைத்து, “நீ எங்களுக்குக் குலதெய்வம் மாதிரிப்பா” என்றார். அவர் தட்டை வாங்கிக்கொண்டு, “சந்தோஷம் ஆச்சி. போன மாசம் நாலு நாள் பாக்கி இருக்கு” என்றார். எனக்கு அந்தத் தம்பியை அன்றைக்குத்தான் ரொம்பப் பிடித்தது.

தெய்வம் என்ற சொல்லில் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது, அது பெற்றோர் பக்கம். தெய்வத்திடம் யார் சான்றிதழ் கேட்பார்கள்? ‘ஆட்டிசம் முற்றிலும் குணமாகும்’ என்று போர்டு மாட்டி, இரண்டு பந்தும் ஒரு ஊஞ்சலும் வைத்து ‘சென்டர்’ நடத்துகிறவர்களும் இந்தச் சொல்லுக்குள்தான் ஒளிந்துகொள்கிறார்கள். சிறப்பாசிரியரும் பேச்சுப் பயிற்சியாளரும் 1992ஆம் வருஷத்துச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிந்திருக்க வேண்டும். பதியாமல் இந்த வேலை செய்வது தண்டனைக்குரிய குற்றம். கொத்தனாரை வைப்பதற்கு முன்னால் அவர் கட்டின வீட்டைப் போய்ப் பார்க்கிறோம். பிள்ளையை விடும் இடத்தில் ஆர்.சி.ஐ. எண் கேட்பதற்கு ஏன் கூச்சப்படவேண்டும்?

அரசாங்கத்துக்கும் இந்தச் சொல் வசதிதான், தெய்வத்துக்கு யாரும் சம்பளக் கணக்குக் கேட்க மாட்டார்கள். 1995 சட்டத்தில் ஏழு வகையாக இருந்த மாற்றுத்திறனை 2016 சட்டம் இருபத்தொன்றாக்கியது. தொடக்கப் பள்ளியில் இப்படிப்பட்ட பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்துக்கு ஒருவர் என்று 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தற்காலிகமாக இருப்பவர்களின் பணி பற்றியும் அந்த வழக்கில் பேசப்பட்டது. நீங்கள் எத்தனை பள்ளிக்குப் போகிறீர்கள், வண்டிக்குப் பெட்ரோல் யார் போடுகிறார்கள் என்று கடிதத்தில் எழுதவில்லை. எழுதுங்கள், பெயரில்லாமலே போடுகிறேன்.

கட்டுரையில் அந்த வரியை மாற்றிவிட்டேன். ‘மூன்று வாரம் பழக்கி அவனைக் கூட்டி வந்திருந்த சிறப்பாசிரியை’ என்று இப்போது இருக்கிறது. சிவப்பு அட்டையையும் சேர்க்கலாமா என்று உங்கள் தோழியிடம் கேட்டுச் சொல்லுங்கள். அன்று அவன் அதை எடுத்துக் காட்டினானா என்பதையும்.