அறிக்கையில் இரண்டு எண்கள்

கேள்வி: பாலிக் பூலாவில் எங்கள் குடும்பம் ஜாதிக்காய்த் தைலம் வடித்து விற்கிறது. தரம் பார்ப்பதற்காக ஓர் ஆய்வகத்தில் மாதிரி கொடுத்தோம். வந்த அறிக்கையில் சபினீன் என்ற பெயருக்கு எதிரே ஒரு கட்டத்தில் 94 என்றும் மற்றொன்றில் 21% என்றும் உள்ளது. எங்கள் தைலத்தில் சபினீன் எவ்வளவுதான் இருக்கிறது?
— வாசகி, பினாங்கு

பதில்: சபினீன் என்பது உங்கள் தைலத்திலுள்ள சேர்மங்களுள் ஒன்று. 94 என்பது அதன் அளவே அன்று. உங்கள் தைலம் ஜி.சி.எம்.எஸ். என்னும் கருவியில் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும். அதில் ஆவியாக்கப்பட்ட மாதிரி, பெரும்பாலும் 30 மீட்டர் நீளமும் 0.25 மில்லிமீட்டர் உள்விட்டமும் கொண்ட சுருள்குழலுக்குள் ஓடி, சேர்மம் சேர்மமாகப் பிரிந்து வெளிவருகிறது. வெளிவரும் ஒவ்வொன்றையும் எலக்ட்ரான்களால் தாக்கி உடைத்து, துண்டுகளின் நிறையைக் கருவி பதிவு செய்கிறது. அந்தப் பதிவு கணினியிலுள்ள சபினீன் பதிவோடு எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்பதற்குக் கணினி போட்ட மதிப்பெண்தான் 94.

அந்த மதிப்பெண்ணையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஜாதிக்காய்த் தைலத்தில் சபினீனுடன் ஆல்பா பைனீனும் பீட்டா பைனீனும் உள்ளன. மூன்றுக்கும் மூலக்கூறு நிறை 136. மூன்றிலும் ஓங்கி நிற்கும் துண்டின் நிறை 93. நிறையை மட்டும் பார்த்தால் இவற்றுள் எது எது என்று சொல்வது கடினம். பிரித்துக் காட்டுவது, குழலைக் கடக்க ஒவ்வொன்றும் எடுத்துக்கொள்ளும் நேரம். சபினீனும் பீட்டா பைனீனும் அதிலும் மிக நெருங்கியே வெளிவரும். ஆகவே, தூய சபினீனை அதே நிலைமைகளில் செலுத்தி நேரத்தை ஒப்பிட்டார்களா, அல்லது ஆல்கேன் வரிசையை (கார்பன் எண்ணிக்கை ஒவ்வொன்றாகக் கூடும் எளிய ஹைட்ரோகார்பன்களை) ஓட்டி, அவற்றின் நேரங்களுக்கிடையே சபினீனின் இடத்தைக் காட்டும் குறியெண்ணைக் கணக்கிட்டார்களா என்று ஆய்வகத்தாரைக் கேளுங்கள். இரண்டும் செய்யாத அறிக்கையிலுள்ள பெயரை நான் நல்ல ஊகம் என்றே கொள்வேன்.

குழலிலிருந்து வெளிவரும் ஒவ்வொரு சேர்மமும் கருவியின் வரைபடத்தில் ஒரு முகடாக எழும். 21% என்பது அந்த முகடுகளுடைய மொத்தப் பரப்பில் சபினீன் முகட்டின் பங்கு. அது எடைக்கணக்கை ஏறத்தாழ ஒட்டி வரும். ஆனால் ஆவியாகிக் குழலைக் கடந்தவற்றை மட்டுமே அது கணக்கில் கொள்ளும். தைலத்தில் யாரேனும் செம்பனை எண்ணெயைக் கலந்திருந்தால், அது வழக்கமான ஓட்டத்தில் முகடாக எழாது. சபினீன் பழையபடி 21% என்றே வரும். (தைலம் வாங்குவோர் பலர் இதை அறியார்.) அத்தகைய கலப்பை அகச்சிவப்பு நிறமாலைமானி எளிதில் காட்டும்: கொழுப்பிலுள்ள எஸ்டர் பிணைப்பு அகச்சிவப்பு ஒளியை உறிஞ்சுவதால், அந்தக் கருவியின் வரைபடத்தில் 1745 என்ற அலை எண்ணை ஒட்டி ஆழமான பள்ளமாகத் தெரியும். கருவிக்குப் போகுமுன் வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு, காற்றாட வைத்துப் பாருங்கள். காய்ச்சி வடித்த தைலம் மெல்ல ஆவியாகிவிடும். சில நாள் கழித்தும் வெளிச்சம் ஊடுருவும் எண்ணெய்க் கறை நிலைத்திருந்தால், அடுத்த மாதிரிக்கு அகச்சிவப்புச் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.