திருகோணமலை டொக்யாட்டுக்குள் (கடற்படைத் தளத்துக்குள்) இருக்கும் அட்மிரல் மாளிகையைப் பார்ப்பது எப்படி? வரைபடத்தைப் பார்த்துப் போயும் மாளிகையைக் காண முடியவில்லை என்று ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். அவருக்கான பதில் இது.

வாசலில் போய்க் கேட்டால் விடமாட்டார்கள். முன்கூட்டியே எழுத்தில் அனுமதி எடுக்க வேண்டும். பிரித்தானியர் 1957இல் கையளித்த அந்தத் தளம் இன்றும் கடற்படை முகாம்தான். மாளிகையும் தோட்டமும் அதற்குள் இருக்கின்றன.

"கடற்படை அருங்காட்சியகம்" என்று வரைபடத்தில் பார்த்துப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். குழப்பம் அங்கேதான் என்று நினைக்கிறேன். ஹூட் கோபுர அருங்காட்சியகம் முகாமுக்குள் இருப்பது. ஒல்லாந்தர் காலக் கடற்படை ஆணையாளரின் இரண்டு மாடி வீடு முகாமுக்கு வெளியே, பொதுமக்களுக்குத் திறந்த அருங்காட்சியகம். மாளிகை இவை இரண்டுமல்ல. வரைபடப் புள்ளியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

அனுமதி கேட்டுக் கடற்படைக்கு எழுதும் கடிதத்தில் வருகிற எல்லோருடைய பெயர், அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், வரும் திகதி எல்லாம் எழுதுங்கள். "மாளிகையும் தோட்டமும்" என்று தெளிவாகக் கேளுங்கள். ஹூட் கோபுரத்துக்குக் கிடைக்கும் அனுமதி மாளிகைக்கும் சேர்த்து என்று நம்பிப் போகாதீர்கள். கிடைத்தால் அங்குள்ள பெரிய ஆலமரத்தை விட்டுவிடாதீர்கள். விழுதுகளே அடிமரங்களாகிப் பரந்து நிற்கும், அதற்காகவே போகலாம்.

ஒன்று: உத்தியோகபூர்வ விருந்தினர் தங்கினால் கடைசி நேரத்திலும் மறுக்கக்கூடும். முதல் நாள் அழைத்து உறுதிசெய்யுங்கள். படம் எடுக்கவும் தனியாகக் கேட்க வேண்டும், துறைமுகப் பக்கம் கமெராவைத் திருப்பவே வேண்டாம்.