அந்தக் காலத்தில் இவ்வளவு மாரடைப்பு இல்லையே, இப்போது மட்டும் ஏன்?

மாரடைப்பு வரும் வயதை எட்டியவர்களே அப்போது குறைவு. சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியர்களின் சராசரி ஆயுள் 32 வயதை ஒட்டித்தான் இருந்தது. இன்று 70ஐத் தொட்டுவிட்டது. பெரியம்மை, காலரா, வயிற்றுப்போக்கு என்று பிள்ளைகளை வாரிக்கொண்டு போன நோய்களைத் தடுப்பூசியும் நல்ல தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசலும் அடக்கின. 1990இல் மொத்த இறப்புகளில் சுமார் 38 சதவீதம்தான் தொற்றா நோய்களால். 2016இல் அது 62 சதவீதம். அதில் இதய நோய்க்கே முதலிடம்.

சரி, வயது கூடியதுதான் காரணம் என்று விட்டுவிட முடியுமா? முடியாது. நாற்பதுகளிலேயே பலர் சாய்கிறார்கள். புகையிலை, சர்க்கரை நோய், அப்புறம் பிரஷர். பிரஷர் ஒரு தலைவலிகூடக் காட்டாமல் வருடக்கணக்கில் ரத்தக்குழாயைக் கெடுக்கும். முப்பது தாண்டியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். தயவுசெய்து இந்த வாரமே போங்கள்.