ஜப்பானில் புல்லட் ரயில் செலவைக் குறைப்பது எப்படி? ஜே.ஆர். பாஸ் வாங்கலாமா?

நீங்கள் சொன்ன பயணம்: இருவர், 10 நாள், டோக்கியோவில் இறங்கி கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா பார்த்துவிட்டுத் திரும்ப டோக்கியோ வந்து விமானம் ஏறுவது. இதற்கு நாடு முழுக்கச் செல்லும் ஜே.ஆர். பாஸ் (ஜப்பான் ரயில்வே கம்பெனிகளின் ரயில்களில் குறித்த நாட்களுக்கு இஷ்டம்போல் ஏறும் சீட்டு) வேண்டாம். "ஜப்பான் போனால் முதலில் பாஸ் வாங்கு" என்பது பழைய பேச்சு. 7 நாள் பாஸ் 29,650 யென்னாக இருந்தவரை அது சரிதான். 2023 அக்டோபரில் அதை ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். இப்போது டோக்கியோவிலிருந்து தென்மேற்கே வெகுதொலைவில் இருக்கும் ஃபுகுவோகாவுக்கே ஒருவழி 23,000 சொச்சம்தான். போய் வந்தால்கூட பாஸ் விலை தேறாது.

உங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். டோக்கியோ–கியோட்டோ நொசோமியில் (இந்தப் பாதையின் அதிவேகப் புல்லட் ரயில்) முன்பதிவு இருக்கை 14,170 யென். கியோட்டோ–ஒசாகா சாதாரண ரயிலில் சில நூறு யென். ஒசாகா–ஹிரோஷிமா ஒருவழி 10,700 சொச்சம், போக வர இரு மடங்கு. ஒசாகா–டோக்கியோ 14,720. கூட்டினால் ஆளுக்கு 51,000 பக்கம் வருகிறது. பாஸ் 50,000, ஆக ஆயிரம் யென் மிச்சம் என்று தோன்றும். பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான். நொசோமியில் ஏறினால் பாஸ்காரர் தனியாகக் காசு கட்ட வேண்டும். டோக்கியோ–கியோட்டோவுக்கு மட்டும் ஒருவழி 4,960. அதைத் தவிர்க்க, சில நிலையங்களில் கூடுதலாக நிற்கும் ஹிகாரி ரயிலுக்குக் காத்திருக்க வேண்டும், அது மணிக்கு ஓரிரண்டுதான். போதாக்குறைக்கு 7 நாள் என்பது காலண்டர் நாள், 24 மணி நேரக் கணக்கு இல்லை. இரவு பத்து மணிக்குப் பாஸைத் தொடங்கினால் அந்த நாள் போயிற்று.

இதற்குப் பதில் கன்சாய்–ஹிரோஷிமா ஏரியா பாஸை எடுத்துப் பாருங்கள். வெளிநாட்டுச் சுற்றுலாப் பயணிகளுக்கு மட்டும் தருவது, தொடர்ந்து 5 நாள் செல்லும். 2023 அக்டோபர் விலையேற்றத்தில் 17,000 யென் ஆனது. வாங்கும் அன்று ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஷின்-ஒசாகா (ஒசாகாவின் புல்லட் ரயில் நிலையம்)–ஹிரோஷிமா இடையே நொசோமியிலும் ஏறலாம், கூடுதல் காசு கிடையாது. அந்த ஒரு போக்குவரத்திலேயே பாஸ் விலை கழிந்துவிடும். ஹிரோஷிமா பக்கத்து மியாஜிமா தீவுக்கு ஜே.ஆர். படகு, கன்சாய் விமான நிலையத்துக்கு ஹருகா ரயில் இரண்டும் இதில் அடக்கம். தீவுக்குள் நுழைய வாங்கும் 100 யென் வரி மட்டும் தனி. கவனிக்க வேண்டியது ஒன்று: கியோட்டோ–ஷின்-ஒசாகா துண்டு வேறொரு ஜே.ஆர். கம்பெனியின் பாதை. அங்கே புல்லட் ரயிலில் இந்தப் பாஸ் செல்லாது. கியோட்டோவிலிருந்து சாதாரண விரைவு ரயிலில் ஒசாகா வந்து, ஷின்-ஒசாகாவில் மாறி ஏறுங்கள். அரைமணி நேரக் காரியம். இப்படிப் போனால் மொத்தம் 14,170 + 17,000 + 14,720 = 45,890.

இதைவிடப் பெரிய மிச்சம் விமானச் சீட்டில் இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி, ஒசாகாவின் கன்சாய் விமான நிலையத்தில் ஏறுகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். இரண்டு தனித்தனி ஒருவழி டிக்கெட்டாகத் தேடாமல், 'பல நகரம்' என்ற தேர்வில் தேடினால் விலை பெரும்பாலும் சாதாரண இருவழி டிக்கெட்டை ஒட்டியே வரும். கடைசி 14,720 அப்படியே மிச்சமாகும். ரயில் செலவு ஆளுக்கு 31,170. தேசியப் பாஸோடு பார்த்தால் 18,830 யென் குறைவு. திரும்பி வருவதற்கென்று வீணாகும் அரை நாளும் மிச்சம்.

மற்ற வழிகளுக்குப் போகும் முன், அங்கே கட்டணம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று புரிந்துகொள்வது நல்லது. புல்லட் ரயில் டிக்கெட் உண்மையில் இரண்டு டிக்கெட். ஜோஷாகென் என்பது தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம். தொக்கியூகென் என்பது வேகத்துக்கும் இருக்கைக்குமான கூடுதல். டோக்கியோ–கியோட்டோவின் 14,170 என்பது 8,360 + 5,810. அடிப்படை டிக்கெட் தூரம் கூடக்கூடக் கிலோமீட்டருக்கு மலிவாகும். அதோடு, 100 கிலோமீட்டரைத் தாண்டிய காகித டிக்கெட்டில் வழியில் இறங்கித் தங்கி, பிறகு அதே டிக்கெட்டில் தொடரலாம். டோக்கியோ–ஹிரோஷிமா அடிப்படை டிக்கெட் 11,880 யென், 6 நாள் செல்லும். நடுவில் கியோட்டோவில் சில நாள் தங்கலாம். இதையே டோக்கியோ–கியோட்டோ, கியோட்டோ–ஹிரோஷிமா என்று துண்டாக வாங்கினால் 8,360 + 6,600 = 14,960. ஒரே டிக்கெட்டாக வாங்கியதில் 3,080 லாபம். தொக்கியூகென்னை மட்டும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாக வாங்க வேண்டும், ஏனென்றால் வெளியே வந்ததும் அது தீர்ந்துவிடும்.

வாயில் இயந்திரத்தில் இரண்டு டிக்கெட்டையும் சேர்த்து ஒன்றாகப் போட வேண்டும். கியோட்டோவில் வெளியேறும்போது தொக்கியூகென்னை இயந்திரம் விழுங்கிக்கொள்ளும், அடிப்படை டிக்கெட் மறுபுறம் வெளியே வரும். அதை எடுக்காமல் நடந்துவிட்டால் மீதித் தூரத்துக்கு மறுபடி காசு. இந்த வழி ஹிரோஷிமாவோடு நிற்பவர்களுக்கும், அங்கிருந்து ஃபுகுவோகா பக்கம் போகிறவர்களுக்கும் பொருந்தும். ஒசாகாவுக்குத் திரும்புகிற உங்களுக்கு மேலே சொன்ன ஏரியா பாஸே மேல்.

காகித டிக்கெட்டில் இன்னொரு சின்ன வசதி உண்டு, நிறையப் பேர் கவனிப்பதில்லை. டோக்கியோ–கியோட்டோ டிக்கெட்டில் நிலையத்தின் பெயருக்குப் பதில் "டோக்கியோ நகர எல்லை", "கியோட்டோ நகர எல்லை" என்று அச்சாகியிருக்கும். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் தங்கியிருந்தால் அங்கேயே அந்த டிக்கெட்டைப் போட்டு உள்ளே போகலாம். கியோட்டோவில் இறங்காமல் மாறி, அராஷியாமா பக்கத்து சாகா-அராஷியாமா நிலையம் வரை அதிலேயே போகலாம். எல்லைக்குள் நடுவில் வெளியேறினால் டிக்கெட் முடிந்தது. ஸ்மார்ட் இ.எக்ஸ். என்ற புல்லட் ரயில் முன்பதிவுச் செயலியில் வாங்கும் டிக்கெட்டுக்கு இந்தச் சலுகையும் இல்லை, வழியில் இறங்கும் உரிமையும் இல்லை. நிலையத்திலிருந்து நிலையம் மட்டுமே. செயலி தரும் 200 யென் தள்ளுபடி இரண்டு உள்ளூர் டிக்கெட்டில் போய்விடும்.

ஆனாலும் செயலியை ஒதுக்கிவிட வேண்டாம். ஹயாதொகு என்ற முன்பதிவுத் தள்ளுபடிகள் அங்கேதான் கிடைக்கும். 3, 7, 21, 28 நாள் முன்னதாக என்று படிப்படியாக இருக்கும். இருக்கை எண்ணிக்கை கொஞ்சம், ஆண்டிறுதி போன்ற நெரிசல் நாட்களில் கிடையாது. ரயிலை மாற்ற நினைத்தால் அதே தள்ளுபடியில் இடம் இருக்க வேண்டும், கெடுவும் கடந்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் வித்தியாசத்தைக் கட்ட வேண்டும். தேதி உறுதியான முதல் பயணத்துக்கு மட்டும் இதை எடுங்கள்.

நேரம் நிறைய இருந்தால் புரட்டோ கொடாமா என்ற மலிவு டிக்கெட். கொடாமா என்பது எல்லா நிலையத்திலும் நின்று, நொசோமிகளுக்கு வழிவிட்டு ஊரும் புல்லட் ரயில். நொசோமி இரண்டே கால் மணியில் போகும் கியோட்டோவுக்கு இது மூன்றரை மணிக்கு மேல் எடுக்கும். கட்டணம் 11,000 யென் அளவில். முந்தைய நாளே வாங்கியிருக்க வேண்டும், குறித்த ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற முடியாது.

முன்பதிவில்லாத பெட்டி கியோட்டோவுக்கு 13,320, அதாவது 850 யென் குறைவு. சூட்கேஸோடு போகிறவர்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். 2025 மார்ச்சிலிருந்து நொசோமியின் 16 பெட்டிகளில் இரண்டுதான் முன்பதிவில்லாதவை. வெள்ளி மாலை நின்றுகொண்டே போக நேரும். உச்ச நெரிசல் காலங்களில் அதுவும் இல்லை, எல்லாமே முன்பதிவு. அதே காலங்களில் முன்பதிவு இருக்கையும் 200, 400 யென் ஏறும்.

சூட்கேஸின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டினால், பெரிய சாமான் இடத்தோடு சேர்ந்த இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குத் தனிக் காசு இல்லை. செய்யாமல் ஏறினால் 1,000 யென் கட்டணம். சக்கரம், கைப்பிடி எல்லாம் அளவில் சேரும், வீட்டிலேயே டேப் வைத்துப் பார்த்துவிடுங்கள்.