பார்சலுக்கு முன்னால் வந்த பில்

வெளிநாட்டிலிருந்து சொந்த உபயோகத்துக்குப் பொருள் வரவழைக்கும் சிங்கப்பூர் வாசகர்களின் கேள்விகள் இந்த இதழில். தொகைகள் எல்லாம் சிங்கப்பூர் வெள்ளியில்.

சென்னைக் கடை ஒன்றின் இணையதளத்தில் இரண்டு பட்டுச்சேலை எடுத்தேன். ஒன்று 230 வெள்ளி, மற்றது 260. பணம் கட்டும்போதே 9 விழுக்காடு ஜிஎஸ்டி பிடித்துவிட்டார்கள். இப்போது கூரியர் நிறுவனம் மறுபடி ஜிஎஸ்டி கேட்கிறது. ஒரே சேலைக்கு இரண்டு வரியா? – பொங்கோல் வாசகி

இரண்டு முறை கட்டவேண்டியதில்லை. ஆனால் இரண்டு பேரும் ஏன் கேட்கிறார்கள் என்று தெரிந்தால்தான் வாதாட முடியும்.

2023 ஜனவரி 1 முதல், விமானத்திலோ தபாலிலோ வரும் 400 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு, சிங்கப்பூரில் ஜிஎஸ்டி பதிவு செய்த வெளிநாட்டு விற்பனையாளர் விற்கும்போதே வரியை வசூலிக்க வேண்டும். இங்கே கணக்கு பொருள் வாரியாக, அனுப்பும் செலவைச் சேர்க்காமல். உங்கள் சேலை ஒவ்வொன்றும் 400க்குள் இருப்பதால் கடைக்காரர் பிடித்தது சரி.

சுங்கத்துறை பார்ப்பது வேறு கணக்கு. பெட்டிக்குள் இருக்கும் மொத்த விலை, அனுப்பும் கட்டணம், காப்பீடு மூன்றையும் கூட்டுவார்கள். 230ம் 260ம் 490. கூரியர் கட்டணம் 35 என்று வைத்தால் 525. அது 400ஐத் தாண்டிவிட்டதால் எல்லையில் வரி விழுகிறது: 525க்கு 9 விழுக்காடு, 47 வெள்ளி 25 காசு. தாண்டிய 125 வெள்ளிக்கு மட்டும்தானே என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, முழுத் தொகைக்கும்.

கடை பிடித்த வரி மறுபடி விழாமல் இருக்க, கூரியர் நிறுவனம் இறக்குமதி பெர்மிட் எடுப்பதற்கு முன்பே கடையின் ரசீதை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அதில் மூன்று விவரம் இருக்கவேண்டும்: கடையின் சிங்கப்பூர் ஜிஎஸ்டி பதிவு எண், ஒவ்வொரு சேலைக்கும் தனித்தனி விலை, அதற்குப் பிடித்த வரி. ‘வரி உட்பட’ என்று மொட்டையாக ஒரு மொத்தத் தொகை மட்டும் இருந்தால் செல்லாது. கடையிடம் சரியான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். பதிவு எண்ணே தர முடியாத கடை எந்த வரியைப் பிடித்தது என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு.

பெட்டியை வாங்கும் அவசரத்தில் ஏற்கெனவே கட்டிவிட்டீர்களா? சுங்கத்துறையிடம் போகாதீர்கள். இறக்குமதி பெர்மிட்டின் நகலைக் கூரியரிடம் வாங்கி, அதைக் காட்டிக் கடையிடம் அந்த ஜிஎஸ்டியைத் திருப்பிக் கேளுங்கள். கூரியர் பில்லில் ‘முன்பணக் கட்டணம்’, ‘கையாளும் கட்டணம்’ என்று இருப்பது வரியல்ல, நிறுவனத்தின் சொந்தக் கூலி. அது திரும்பி வராது.

இன்னொன்று. விலை 400க்கு ஒட்டி இருந்தால் உங்கள் கடன் அட்டை காட்டும் மாற்று விகிதத்தை நம்பவேண்டாம். சுங்கத்துறை வாராவாரம் வெளியிடும் விகிதம்தான் கணக்கு. 396 என்று நீங்கள் போட்டது அங்கே 402 ஆகிவிடலாம்.

சீனாவிலிருந்து டிவி மேசை ஒன்றைக் கப்பலில் வரவழைத்தேன். விலை 320 வெள்ளிதான். 400க்குக் கீழே வரி இல்லை என்றார்களே? – செங்காங் வாசகர்

எல்லையில் வரி விழாத அந்த 400 வெள்ளிச் சலுகை விமானத்துக்கும் தபாலுக்கும் மட்டும். கப்பலில் வந்தாலும் தரைவழி லாரியில் வந்தாலும் முதல் வெள்ளியிலிருந்தே வரி. மேசை 320, கப்பல் செலவு 60 என்றால் 380க்கு 34 வெள்ளி 20 காசு.

கப்பல் கட்டணம் கன அளவுக்குத்தான், எடை இரண்டாம்பட்சம். கட்டிய பெட்டி 165 x 45 x 40 செண்டிமீட்டர் என்றால் 0.297 கன மீட்டர். சரக்கு ஏஜெண்டுகள் பலர் குறைந்தபட்ச அளவு ஒன்று வைத்திருப்பார்கள், 0.3 வந்தாலும் பில் அந்தக் குறைந்தபட்சத்துக்கே. மரச்சட்டம் அடிக்கச் சொன்னால் ஒவ்வொரு பக்கமும் சில செண்டிமீட்டர் கூடும், அதற்கும் காசு. கண்ணாடி இல்லாத மேசைக்கு மரச்சட்டம் வீண் என்பது என் கருத்து; மூலைக்கு நுரைத்துண்டு போதும்.

‘வரி உட்பட எல்லாம் சேர்த்து’ என்று ஏஜெண்ட் சொன்னால், உங்கள் பொருளுக்கு வரி கட்டியதற்கான ஆவணம் தருவாரா என்று பணம் கட்டுமுன் கேளுங்கள். தயங்குகிறவரிடம் கொடுக்காதீர்கள்.

நான்கு கிலோகூட இல்லாத தலையணைப் பெட்டிக்கு 12 கிலோவுக்குப் பில். தராசு பழுதா? – தெம்பனிஸ் வாசகர்

தராசு சரிதான். கூரியர்காரர்கள் உண்மை எடை, இட எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம் போடுவார்கள். நீளம், அகலம், உயரத்தைச் செண்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் இட எடை. உங்கள் பெட்டி 50 x 40 x 30 இருந்திருக்கும்: 60,000ஐ 5,000ஆல் வகுத்தால் 12. சில சரக்கு ஏஜெண்டுகள் 6,000ஆல் வகுப்பார்கள், அதே பெட்டி 10 கிலோ ஆகும். விலை ஒப்பிடும்போது இந்த வகுக்கும் எண்ணை முதலில் கேளுங்கள்.

காற்றை உறிஞ்சி அழுத்திக் கட்டச் சொல்லி, 40 x 30 x 20 பெட்டியில் அடங்கினால் 4.8 கிலோதான். பெட்டியின் வயிறு உப்பியிருந்தால் உப்பிய இடத்தில்தான் அளப்பார்கள். ஆகவே திணிக்கவும் கூடாது.

ஊரிலிருந்து அம்மா அனுப்பும் பார்சலில் ‘அன்பளிப்பு, மதிப்பு 20 வெள்ளி’ என்று எழுதச் சொல்லலாமா? – ஈசூன் வாசகர்

அன்பளிப்புக்கென்று தனிச் சலுகை கிடையாது. அதே 400 வெள்ளிதான். அதற்குள் இருக்கும் பார்சலுக்குப் பொய் மதிப்பு எழுதி ஒரு பயனும் இல்லை. அதற்கு மேல் போனதைக் குறைத்துக் காட்டினால் ஏய்த்த வரியைப் போல 20 மடங்கு வரை அபராதம், ஈராண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

அம்மா ‘வீட்டுச் சாமான்’ என்று எழுதினால்தான் பெட்டி பிரிபடும். ‘பருத்திச் சட்டை 3, எவர்சில்வர் இட்லித் தட்டு 1’ என்று எண்ணிக்கையோடு எழுதி, ஒவ்வொன்றுக்கும் கடை விலையைப் போடச் சொல்லுங்கள்.

இங்கே கிடைக்காத விஸ்கி ஒரு போத்தல் தபாலில் வாங்கினால்? – உட்லண்ட்ஸ் வாசகர்

மதுவுக்கு 400 வெள்ளிச் சலுகை இல்லை. பயணிகளுக்கான தீர்வையில்லாச் சலுகையும் பார்சலுக்குப் பொருந்தாது. தீர்வை சுத்தச் சாராயம் லிட்டருக்கு 88 வெள்ளி. 700 மில்லி, 40 விழுக்காடு என்றால் 0.28 லிட்டர், தீர்வை 24 வெள்ளி 64 காசு. அனுப்பும் செலவோடு போத்தல் 70 வெள்ளி என்றால் 94.64க்கு ஜிஎஸ்டி 8.52. ஆக 33 வெள்ளி 16 காசு கூடுதல், கூரியர் கூலி தனி. அரிய ரகமாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

வேலை அனுமதிச் சீட்டில் இருக்கிறேன். ஊருக்குப் போய்த் திரும்பும்போது புதுக் கைப்பேசி கொண்டுவந்தால் 500 வெள்ளிச் சலுகை உண்டா? – ஜூரோங் வாசகர்

இல்லை. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்த பயணிக்கு 500 வெள்ளிப் பொருள் வரை வரி இல்லை, அதற்குக் குறைந்தால் 100 வெள்ளி வரை என்பது விதி. ஆனால் வேலை அனுமதி, வேலை அட்டை, மாணவர், சார்ந்திருப்போர், நீண்டகால அனுமதி வைத்திருப்போருக்கு அது கிடையாது. 600 வெள்ளிக் கைப்பேசிக்கு 54 வெள்ளி. சுங்கத்துறையின் சிவப்பு வழியில் போய் ரசீதைக் காட்டிக் கட்டிவிடுங்கள். நீங்கள் பயன்படுத்திவரும் பழைய கைப்பேசிக்கும் துணிமணிக்கும் வரி இல்லை.

பவர்பேங்க்கை ஏஜெண்ட் கிடங்கிலிருந்தே திருப்பிவிட்டார். காசு கொடுத்தும் ஏன்? – புக்கிட் பாத்தோக் வாசகர்

பவர்பேங்க் போலத் தனியாக வரும் லித்தியம் அயன் மின்கலத்தைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் 1 முதல் தடை. சரக்கு விமானத்தில் ஏற்றலாம், ஆனால் மின்னேற்றம் 30 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது. கைப்பேசிக்குள் பொருத்திய மின்கலத்துக்கு விதி வேறு, அதனால்தான் கைப்பேசி வந்துசேர்கிறது. ‘மின்கலப் பொருள்’ என்று தனிக் கட்டணம் வாங்கும் ஏஜெண்டிடம் முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். மறைத்துப் பெட்டியில் வைத்தால் ஊடுகதிர்ச் சோதனையில் தெரிந்துவிடும். அதோடு சேர்ந்த உங்கள் மற்றப் பொருள்களும் அங்கேயே நின்றுவிடும்.